அறுபத்தேழு கட்டத்துக் கணக்கு

மன்னர்களுக்கும் ஊர்களுக்கும் வரலாறு இருப்பது போல ஓர் எண்ணுக்கும் வரலாறு உண்டு என்று சொன்னால் நம்புவீர்களா? இன்று நாம் எடுத்துக்கொண்டிருப்பது அப்படிப்பட்ட ஓர் எண். இதைப் பற்றி 1644ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டுத் துறவி ஒருவர் ஒரு தீர்ப்புச் சொன்னார். அது தவறான தீர்ப்பு என்று 1876இல் தெரியவந்தது. தவறு எங்கே இருக்கிறது என்பதை 1903இல் நியூயார்க் நகரில் ஒருவர் கரும்பலகையில் எழுதிக் காட்டினார். முதல் நாளுக்கும் கடைசி நாளுக்கும் இடையில் 259 ஆண்டுகள் ஓடிவிட்டன.

எண் இதுதான்: 147573952589676412927. மொத்தம் 21 இலக்கங்கள். வாயால் சொல்வதானால், கோடியைக் கோடியால் பெருக்கி, அந்தத் தொகையை மறுபடியும் 14 இலட்சத்து 75 ஆயிரத்தால் பெருக்கினால் வருவதற்கும் சற்று மேல் என்று சொல்லலாம். அதற்கு மேல் வாய்க்கணக்கு உதவாது. வீட்டில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இருந்தால் இதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளட்டும். பிறகு தேவைப்படும்.

இப்படி ஓர் எண் எங்கிருந்து முளைத்தது? சதுரங்கப் பலகைக் கதையை நீங்கள் கேட்டிருப்பீர்கள். சதுரங்க ஆட்டத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்த அறிஞரிடம் மன்னர், "என்ன பரிசு வேண்டும்?" என்று கேட்டாராம். "முதல் கட்டத்தில் ஓர் அரிசி, இரண்டாம் கட்டத்தில் இரண்டு, மூன்றாம் கட்டத்தில் நான்கு, இப்படியே கட்டத்துக்குக் கட்டம் இரட்டித்து 64 கட்டத்துக்கும் கொடுத்தால் போதும்" என்றாராம் அவர். இவ்வளவுதானா என்று மன்னர் சிரித்தார். கணக்குப் பார்த்த பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

நாமும் அந்தக் கணக்கைப் பார்ப்போம். இரண்டு கட்டம் வரை மொத்தம் 3 அரிசி. மூன்று கட்டம் வரை 7. நான்கு கட்டம் வரை 15. ஐந்து கட்டம் வரை 31. ஒவ்வொரு முறையும் மொத்தத் தொகை, அடுத்த கட்டத்தில் வைக்க வேண்டிய அரிசிக்கு ஒன்று குறைவாக வருகிறது. 64 கட்டமும் நிறைந்தால் தொகை 18446744073709551615. ஓர் அரிசியின் எடை 25 மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டால், இது 46 ஆயிரம் கோடி டன். மன்னர் கொடுத்தாரா, அறிஞரின் தலை தப்பியதா என்பது இன்றைக்கு நம்முடைய கவலை இல்லை.

அந்தப் பலகையின் ஓரத்தில் இன்னும் மூன்று கட்டங்களை ஒட்டிவிடுங்கள். 67 கட்டங்கள் ஆகின்றன. தொகை எட்டு மடங்காகி, மேலே ஏழு சேரும். அப்போது வருவதுதான் தாளில் நீங்கள் எழுதி வைத்த 21 இலக்க எண். இனி இதை 67 கட்டத் தொகை என்றே அழைப்போம். ஐந்து கட்டத் தொகை என்றால் 31, ஏழு கட்டத் தொகை என்றால் 127 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தோட்டத்தில் கன்று நடும்போது நிரை பிடித்துத்தானே நடுகிறோம்? கையில் 12 கன்றுகள் இருந்தால் நிரைக்கு நான்காக மூன்று நிரை நடலாம், ஆறாக இரண்டு நிரையும் நடலாம். 13 கன்றுகள் இருந்தால் என்ன செய்வது? இரண்டு நிரையாக்கினால் ஒன்று மிஞ்சுகிறது. மூன்று நிரையாக்கினாலும் ஒன்று மிஞ்சுகிறது. எப்படிப் பிரித்தாலும் சரிவராது. ஒரே நிரையாக நட்டுவிட்டுப் போக வேண்டியதுதான். இப்படிச் சம நிரைகளாகப் பிரிய மறுக்கும் எண்ணைப் பகா எண் என்கிறோம். பிரிந்துவிடும் எண் பகு எண்.

இப்போது கேள்வியைக் கேட்கலாம். 67 கட்டங்களில் குவிந்த அந்த அரிசியை, ஒன்றும் மிஞ்சாமல் சம நிரைகளாக அடுக்க முடியுமா, முடியாதா? 259 ஆண்டு வழக்கு இந்த ஒரு கேள்வியின் மேல்தான் நடந்தது.

சிறிய பலகைகளில் பார்த்தால் ஒரு ஒழுங்கு தெரிகிறது. 2, 3, 5, 7 கட்டங்களுக்கு வரும் 3, 7, 31, 127 எல்லாம் பகா எண்கள். 4 கட்டத்துக்கு வரும் 15, 6 கட்டத்துக்கு வரும் 63 இரண்டும் பகு எண்கள். ஆறு கட்டம் ஏன் பிரிந்துவிடுகிறது? முதல் மூன்று கட்டங்களில் 1, 2, 4. மொத்தம் 7. அடுத்த மூன்றில் 8, 16, 32. இவை ஒவ்வொன்றும் முந்தியதற்கு எட்டு மடங்கு. ஆகவே மொத்தம் ஒன்பது ஏழுகள், 63. கட்டங்களின் எண்ணிக்கையே சம பாகமாகப் பிரியுமானால் தொகையும் பிரிந்தே தீரும். எனவே கட்ட எண்ணிக்கை பகா எண்ணாக இருக்கும் பலகைகளை மட்டும் பார்த்தால் போதும். ஆனால் அதுவும் போதாது. 11 ஒரு பகா எண். 11 கட்டத் தொகை 2047. அது 23 நிரைக்கு 89 என்று பிரிந்துவிடுகிறது. இந்த உண்மை 1536ஆம் ஆண்டிலேயே அச்சில் வந்துவிட்டது. ஆக, ஒவ்வொரு பலகையையும் தனித்தனியாகத்தான் விசாரிக்க வேண்டும்.

இந்த விசாரணைக்குப் பெயர் கொடுத்தவர் மரின் மெர்சென். 1588இல் பிறந்து 1648இல் மறைந்த பிரெஞ்சுத் துறவி. பாரிஸ் நகரத்து மடத்தில் இருந்தபடியே ஐரோப்பாவின் அறிஞர்களுக்கெல்லாம் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். அறிவியல் ஏடுகள் தோன்றாத காலம் அது. டெக்கார்த் ஒன்றைக் கண்டுபிடித்தால் மெர்சென்னுக்கு எழுதுவார். பெர்மா ஒன்றைக் கண்டால் அவரும் மெர்சென்னுக்கே எழுதுவார். மெர்சென் அதைப் படியெடுத்து மற்றவர்களுக்கு அனுப்புவார். ஆள் ஒருவர்தான், ஆனால் செய்த வேலை ஓர் அஞ்சல் நிலையத்தின் வேலை.

1644இல் அவர் ஒரு நூல் வெளியிட்டார். அதில் கட்டத் தொகைகளைப் பற்றி ஒரு பட்டியல் தந்தார். 257 வரையில் உள்ள கட்ட எண்ணிக்கைகளில் 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257 ஆகிய பதினொன்றுக்கு மட்டுமே தொகை பகா எண்ணாக வரும், மற்றவற்றுக்கு வராது என்பது அவர் தீர்ப்பு. எப்படிக் கண்டார் என்று எழுதவில்லை. எழுதாததுதான் வேடிக்கை என்றால், அதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. 15, 20 இலக்கமுள்ள ஓர் எண் பகா எண்தானா என்று சோதிக்க எல்லாக் காலமும் சேர்ந்தாலும் போதாது என்று அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். அவர் பட்டியலில் உள்ள 67 கட்டத் தொகைக்கு 21 இலக்கம். 257 கட்டத் தொகைக்கோ 78 இலக்கம்!

ஆனாலும் அவரை நாம் வெறும் வாய்ச்சொல் வீரர் என்று தள்ளிவிட முடியாது. அவர் பட்டியல் பெரும்பாலும் சரியாகவே இருந்தது. பலருடைய கடிதங்களில் கண்ட துணுக்குகளைச் சேர்த்து, ஓர் ஊகமும் கலந்து எழுதியிருக்க வேண்டும் என்றே நமக்குத் தோன்றுகிறது. கெடுதல் என்னவென்றால், எது கணக்கு, எது ஊகம் என்று பிரித்துச் சொல்லாமல் விட்டுவிட்டார். பெரியவர் சொல் என்பதால் பின்னால் வந்தவர்கள் இரண்டையும் ஒன்றாகவே ஏற்றுக்கொண்டார்கள்.

ஏன் யாரும் சோதித்துப் பார்க்கவில்லை? பார்க்க முயன்றார்கள். வேலையின் அளவுதான் மலைக்க வைத்தது. ஓர் எண்ணை நிரையாக அடுக்க முடியுமானால், நீள அகலத்தில் ஒரு பக்கம் சிறிதாக இருக்கும். அந்தச் சிறிய பக்கம் எண்ணின் வர்க்க மூலத்தைத் தாண்டாது. அதுவரை உள்ள எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். நம்முடைய எண்ணின் வர்க்க மூலம் ஏறக்குறைய 1214 கோடியே 80 இலட்சம். அத்தனை எண்களாலும் வகுக்க யாரால் முடியும்?

இந்தச் சுமையைக் குறைக்கும் வழி ஒன்றை பெர்மா 1640இலேயே கண்டிருந்தார். கட்ட எண்ணிக்கை 2ஐத் தவிர்த்த ஒரு பகா எண்ணாக இருந்து, தொகையை வேறொரு பகா எண் வகுக்குமானால், வகுக்கும் அந்த எண்ணைக் கட்ட எண்ணிக்கையின் இரு மடங்கால் வகுத்தால் 1 மீதி வரும். 11 கட்டத்தில் பாருங்கள். இரு மடங்கு 22. 23ஐ 22ஆல் வகுத்தால் மீதி 1. 89ஐ 22ஆல் வகுத்தாலும் மீதி 1. பின்னாளில் இன்னொரு விதியும் கிடைத்தது. வகுக்கும் எண்ணை 8ஆல் வகுத்தால் 1 அல்லது 7தான் மீதி வரும். 23க்கு மீதி 7, 89க்கு மீதி 1. சரியாக இருக்கிறதல்லவா? முதல் விதி ஒரு சல்லடை என்றால் இது அதனினும் நுண்ணிய சல்லடை.

இப்படிப்பட்ட விதிகளைக் கொண்டுதான் ஆய்லர் என்ற மேதை 31 கட்டத் தொகையைச் சோதித்தார். அந்தத் தொகை 214 கோடியே 74 இலட்சத்து 83 ஆயிரத்து 647. இது பகா எண்தான் என்று 1772இல் உறுதி செய்தார். அப்போது அவருக்குக் கண் பார்வை ஏறக்குறைய முழுவதும் போயிருந்தது. மெர்சென் சொன்னது சரியென்று ஆனது. ஆனால் 31க்கு அடுத்து அந்தப் பட்டியலில் நிற்பது 67. பத்து இலக்கத்திலிருந்து 21 இலக்கத்துக்கு ஒரே தாவல்.

அந்தச் சல்லடைகளைப் போட்டு நம் எண்ணைப் பார்ப்போம். 67இன் இரு மடங்கு 134. ஆகவே 134ஆல் வகுத்தால் 1 மீதி வரும் எண்கள் மட்டும் போதும். 1214 கோடிக்குள் அப்படிப்பட்டவை 9 கோடிக்கு மேல். எட்டின் விதி அதில் பாதியைத் தள்ளிவிடுகிறது. மிச்சம் நாலரைக் கோடி வகுத்தல்கள். நிமிடத்துக்கு ஒரு வகுத்தல், நாளைக்கு எட்டு மணி நேரம், ஒரு நாள்கூட ஓய்வில்லை என்று வைத்துக்கொண்டால் 258 ஆண்டு வேலை. மெர்சென் நூல் வெளியான அன்றே ஒருவர் உட்கார்ந்திருந்தால், 1903ஐ ஒட்டித்தான் எழுந்திருப்பார்!

1876இல் எதுவார் லூக்காஸ் என்ற பிரெஞ்சுக்காரர் வேறொரு பாதையில் வந்தார். இவர் 1842இல் பிறந்தவர். மூன்று கம்புகளில் வட்டத் தட்டுகளை மாற்றி மாற்றி அடுக்கும் விளையாட்டு ஒன்று கடைகளில் விற்கிறதே, அதை 1883இல் வெளியிட்டவரும் இவர்தான். காசியில் ஒரு கோயிலில் 64 பொன் தட்டுகளை அந்தணர்கள் மாற்றி வைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அந்த விளையாட்டோடு ஒரு கற்பனைக் கதையையும் பரப்பிவிட்டார்கள். 64 தட்டுகளையும் மாற்றி முடிக்க எத்தனை முறை கை வைக்க வேண்டும் தெரியுமா? சதுரங்கப் பலகையின் அரிசி எத்தனையோ அத்தனை முறை. மனிதருக்கு இரட்டிக்கும் எண்களின் மேல் தீராத ஆசை.

லூக்காஸ் கண்ட வழியைப் பின்னாளில் லெமர் என்ற அமெரிக்கர் 1930இல் இன்னும் எளிதாக்கிக் கொடுத்தார். அந்த எளிய வடிவத்தைச் சொல்கிறோம். 4இல் தொடங்குங்கள். வர்க்கப்படுத்தி 2 கழியுங்கள். சோதிக்க வேண்டிய எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மறுபடியும் வர்க்கம், மறுபடியும் 2 கழித்தல், மறுபடியும் மீதி. கட்ட எண்ணிக்கையில் இரண்டு குறைத்து, அத்தனை முறை இதைச் செய்ய வேண்டும். கடைசியில் மீதி பூச்சியம் வந்தால் பகா எண். வராவிட்டால் பகு எண். 5 கட்டத் தொகையான 31க்கு மூன்று முறை. 4இன் வர்க்கம் 16, இரண்டு போக 14. 14இன் வர்க்கம் 196, இரண்டு போக 194. அதை 31ஆல் வகுத்தால் மீதி 8. எட்டின் வர்க்கம் 64, இரண்டு போக 62. 31ஆல் வகுத்தால் மீதி பூச்சியம். ஆகவே 31 பகா எண்.

2047க்கு ஒன்பது முறை செய்து பாருங்கள். கடைசியில் 1736 மீதி நிற்கும். பூச்சியம் இல்லை. ஆகவே 2047 பகு எண். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த 1736 என்ற மீதி, 23 என்றும் சொல்லவில்லை, 89 என்றும் சொல்லவில்லை. "இது பிரியும்" என்கிறது. "எப்படிப் பிரியும்" என்று கேட்டால் வாய் திறப்பதில்லை.

லூக்காஸ் 67 கட்டத் தொகையைத் தம் வழியில் சோதித்தார். அது பகா எண் இல்லை என்று 1876இல் அறிவித்தார். மெர்சென்னின் தீர்ப்பு அன்று உடைந்தது. அதே ஆண்டில், பட்டியலில் உள்ள 127 கட்டத் தொகை பகா எண்தான் என்றும் அவர் காட்டினார். 39 இலக்கமுள்ள அந்த எண்தான் 1951 வரை, 75 ஆண்டுக் காலம், மனிதர் அறிந்த மிகப் பெரிய பகா எண்ணாக இருந்தது. கணினி இல்லாமல் கையாலேயே கண்டறியப்பட்ட பகா எண்களில் அதைவிடப் பெரியது இன்றுவரை இல்லை.

ஆனால் 67இன் கதை அரைகுறையாக நின்றது. பிரியும் என்று தெரியும். பிரித்துக் காட்ட ஆளில்லை. ஒரு பெட்டியை ஆட்டினால் உள்ளே ஏதோ உருளும் சத்தம் கேட்கிறது, மூடியைத் திறக்கத்தான் முடியவில்லை என்பது போன்ற நிலை. நீண்ட கணக்கில் கை தவறுவது சாதாரணம் என்பதால் ஐயமும் தீரவில்லை. லூக்காஸ் செய்த கணக்கைச் சரிபார்க்க வேண்டுமானால், அதை முதலிலிருந்து மறுபடியும் செய்ய வேண்டும். இரண்டு துண்டுகளையும் யாராவது கையில் கொடுத்துவிட்டால், பெருக்கத் தெரிந்த எவரும் சரிபார்த்துவிடலாம்.

அந்த ஒருவர் பிராங்க் நெல்சன் கோல். 1861இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிறந்தவர். நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். அமெரிக்கக் கணிதக் கழகத்துக்கு 1896 முதல் 1920 வரை செயலாளராகவும் இருந்தவர். பாடம் நடத்த வேண்டும், கழகத்தின் கடிதங்களுக்குப் பதில் எழுத வேண்டும். வாரம் முழுவதும் வேலை. எஞ்சியது ஞாயிற்றுக்கிழமை. அந்த ஒரு நாளின் அருமை நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

1903ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள் நியூயார்க்கில் கழகத்தின் கூட்டம். பெரிய எண்களைக் காரணிப்படுத்துவது பற்றிக் கோல் கட்டுரை படிப்பார் என்று நிகழ்ச்சி நிரல் சொல்லியது. அன்று நடந்ததைக் கணித வரலாற்று ஆசிரியர் எரிக் டெம்பிள் பெல் பின்னாளில் எழுதி வைத்தார். கோல் பேசாமல் எழுந்து கரும்பலகைக்குப் போனார். சுண்ணக்கட்டியை எடுத்து 2ஐ 67 முறை பெருக்கிய தொகையைக் கணக்கிட்டார். அதில் கவனமாக ஒன்றைக் கழித்தார். 21 இலக்க எண் பலகையில் நின்றது. பிறகு பலகையின் மறுபக்கம் நகர்ந்து இரண்டு எண்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினார்.

193707721
761838257287

பள்ளிக்கூடத்தில் பெருக்குவது போலவே வரி வரியாகப் பெருக்கினார். கூட்டினார். இரண்டு பக்கத்திலும் ஒரே எண். சுண்ணக்கட்டியை வைத்துவிட்டுத் தம் இடத்தில் போய் உட்கார்ந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. கூட்டம் எழுப்பிய கைதட்டலுக்குப் பிறகு கேள்வி கேட்க ஒருவரும் எழவில்லை. கேட்பதற்கு என்ன இருக்கிறது?

பெல் கதைக்குச் சற்று உப்புக் காரம் கூட்டி எழுதுபவர் என்று பெயர் பெற்றவர். ஆகவே அந்த மௌனம் அவ்வளவு முழுமையாக இருந்ததா என்று நாம் அடித்துச் சொல்ல மாட்டோம். ஆனால் இரண்டு எண்களும் பொய் இல்லை. கோலின் கட்டுரையும் 1903இல் அச்சில் வந்தது. எவ்வளவு காலம் பிடித்தது என்று பிற்பாடு பெல் கேட்டதற்கு, "மூன்று ஆண்டு ஞாயிற்றுக்கிழமைகள்" என்று கோல் பதில் சொன்னாராம்.

மூன்று ஆண்டு ஞாயிற்றுக்கிழமைகள் என்றால் 156 நாட்கள். நம் இரண்டு சல்லடைகளை மட்டும் வைத்து வரிசையாக வகுத்துக்கொண்டே போயிருந்தால், சிறிய துண்டான 193707721 வந்து சேரும் முன் ஏழு இலட்சத்து இருபதாயிரத்துக்கு மேற்பட்ட வகுத்தல்கள் ஆகியிருக்கும். நிமிடத்துக்கு ஒன்று என்றாலும் 12 ஆயிரம் மணி நேரம். 156 நாளில் அதை முடிக்க, ஞாயிறு ஒன்றுக்கு 77 மணி நேரம் வேண்டும். கடவுள் கொடுத்திருப்பது 24. ஆகவே கோல் வெறும் உழைப்பை மட்டும் நம்பவில்லை என்பது தெளிவு. சில எண்களின் வர்க்கங்களை நம் பெரிய எண்ணால் வகுத்தால் என்ன மீதி வருகிறது என்று தேடித் தேடிச் சேர்த்தார். ஒவ்வொரு மீதியும் ஒரு புதிய சல்லடை ஆயிற்று. ஒரு சல்லடை பாதியைத் தள்ளும், அடுத்தது மிஞ்சியதில் பாதியைத் தள்ளும். சல்லடைகள் சேரச் சேர, பார்க்க வேண்டிய எண்கள் கைக்கு அடங்கும் அளவுக்கு வந்துவிட்டன. சல்லடைகளைச் செய்வதற்கே ஞாயிற்றுக்கிழமைகள் பெரும்பாலும் செலவாகியிருக்கும் என்று நாம் நினைக்கிறோம். நெல் சலிப்பதைவிடச் சல்லடை முடைவது கடினமான வேலையல்லவா?

இப்போது தாளை எடுங்கள். முழுப் பெருக்கலைச் செய்யப் பொறுமை இல்லாதவர்கள் ஒன்பது தள்ளிப் பார்க்கலாம். முதல் துண்டின் இலக்கங்களைக் கூட்டுங்கள்: 1, 9, 3, 7, 0, 7, 7, 2, 1. மொத்தம் 37. மூன்றும் ஏழும் 10. ஒன்றும் பூச்சியமும் 1. இரண்டாம் துண்டின் இலக்கங்கள் கூடினால் 64. அதுவும் 10 ஆகி 1 ஆகிறது. ஒன்றை ஒன்றால் பெருக்கினால் ஒன்று. பெரிய எண்ணின் 21 இலக்கங்களையும் கூட்டினால் 109. அதுவும் 10 ஆகி 1 ஆகிறது. சரிதான். ஆனால் இந்தச் சோதனை ஒரு காவல்காரர் மாதிரி. தவறைப் பிடித்தால் நிச்சயம் தவறுதான். பிடிக்காவிட்டால் எல்லாம் சரி என்று உறுதி சொல்ல முடியாது. இலக்கம் இடம் மாறினால் இவர் கண்ணில் படாது. ஆகவே வீட்டில் ஒருவராவது முழுப் பெருக்கலையும் செய்து பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். ஒரு மாலைப் பொழுது போதும். 259 ஆண்டு காத்திருந்த விடையை ஒரு மாலையில் சரிபார்த்துவிடலாம்.

மெர்சென்னின் மற்றத் தவறுகளும் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. அவர் விட்டுவிட்ட 61 கட்டத் தொகை பகா எண் என்று 1883இல் கண்டவர் பெர்வூஷின், ரஷ்ய நாட்டுக் கிராமத்துப் பாதிரியார். 89, 107 ஆகிய இரண்டையும் 1911, 1914 ஆண்டுகளில் சேர்த்தவர் பவர்ஸ், அமெரிக்க இரயில்வே ஊழியர். பட்டியலில் கடைசியாக இருந்த 257 கட்டத் தொகையும் பகு எண்தான் என்று 1920களில் கிரைச்சிக், லெமர் ஆகியோர் காட்டினார்கள். ஆகச் சேர்த்தது இரண்டு தவறு, விட்டது மூன்று தவறு. கவனித்தீர்களா? பாதிரியார், இரயில்வே ஊழியர், செயலாளர் வேலை பார்த்த பேராசிரியர். இந்தக் கணக்குக்கு வந்தவர்களில் பலர், வேறு வேலைக்குப் போய்விட்டு மிச்ச நேரத்தில் வந்தவர்கள்.

இத்தனை பாடும் எதற்காக என்று யாராவது கேட்டால், கோலின் காலத்தில் பதில் சொல்வது கடினமாகவே இருந்திருக்கும். 1977இல் நிலைமை மாறியது. ரிவெஸ்ட், ஷமீர், ஏடல்மன் என்ற மூவர் இரகசியச் செய்திகளுக்கு ஒரு புதிய பூட்டு செய்தார்கள். இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்குவது எளிது, பெருக்கி வந்ததைத் திரும்பவும் இரண்டாகப் பிரிப்பது கடினம். கோலின் கரும்பலகையில் தெரிந்த அதே வேறுபாடுதான் அந்தப் பூட்டு. இணையத்தில் போகும் வங்கிச் செய்திகளைக் காக்க அது பல ஆண்டுகள் பரவலாகப் பயன்பட்டு வந்திருக்கிறது. அந்த 1977இலேயே 129 இலக்க எண் ஒன்றை அச்சில் வெளியிட்டு, முடிந்தால் பிரியுங்கள் என்று அறைகூவல் விட்டார்கள். 1994இல் பல நாடுகளைச் சேர்ந்த ஏறக்குறைய 600 பேர் தங்கள் கணினிகளை இணைத்து வேலை செய்து அதைப் பிரித்தார்கள். கோலின் 21 இலக்கத்தை இன்றைய கணினி கண் இமைக்கும் நேரத்தில் பிரித்துவிடும். இலக்கங்கள் சில நூறு என்று ஆகிவிட்டால் அந்தக் கணினியும் திணறிப் போகும்.

கட்டத் தொகைகளைத் தேடும் வேலையும் நிற்கவில்லை. 2024 அக்டோபரில் ஒரு புதிய பகா எண் அறிவிக்கப்பட்டது. பலகையின் கட்டங்கள் 13 கோடியே 62 இலட்சத்து 79 ஆயிரத்து 841. தொகைக்கு 4 கோடியே 10 இலட்சத்துக்கு மேற்பட்ட இலக்கங்கள். அதையும் 4இல் தொடங்கி, வர்க்கப்படுத்தி, 2 கழித்துப் பார்க்கும் அந்தப் பழைய வழியில்தான் உறுதி செய்தார்கள்.

கோல் பணி ஓய்வு பெற்றபோது கழகத்து நண்பர்கள் பணம் திரட்டிக் கொடுத்தார்கள். அவர் அதைத் தமக்கு வைத்துக்கொள்ளாமல் கழகத்துக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார். 1926இல் மறைந்தார். அந்தப் பணத்தை முதலாக வைத்து அவர் பெயரில் ஏற்படுத்திய பரிசு, எண் கணிதத்தில் சிறந்த ஆய்வுகளுக்குத் தொடர்ந்து வழங்கப்பட்டு வருகிறது.

பிள்ளைகளுக்கு ஒரு கணக்குச் சொல்லி முடிக்கிறோம். 29 கட்டத் தொகை 536870911. மெர்சென் பட்டியலில் 29 இல்லை. அதில் அவர் சொன்னது சரி. இந்த எண் பிரியும். 29இன் இரு மடங்கு 58. ஆகவே 59, 117, 175, 233 என்று 58 கூட்டிக்கொண்டே போய், எட்டால் வகுத்து 1 அல்லது 7 மீதி வருவதை மட்டும் சோதியுங்கள். நான்காவதாக நிற்கும் 233ஆல் வகுத்தால் மீதி இல்லாமல் 2304167 கிடைக்கும். அந்த 2304167உம் இரண்டு துண்டாகப் பிரியும். இரண்டும் நான்கு இலக்க எண்கள், இரண்டையும் 58ஆல் வகுத்தால் மீதி 1. அவை எவை என்று கண்டுபிடியுங்கள்.